வெறும் குச்சிக்கு வந்த கோபம்

தெருமுனையில் அறுபது பேர் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பைத்தியங்கள் என்று நினைத்துவிடாதீர்கள், படித்தவர்கள்தான். உள்ளே செயற்கை நுண்ணறிவுப் பெட்டி ஒன்று, நாக்கில் தடவிய பஞ்சுக் குச்சியை வைத்தால் அதிலுள்ள கிருமிகளோடு பேசுகிறது. நாக்கை முன்கூட்டியே நீட்டி வைத்தால் கிருமிகளுக்குக் கூச்சம் தெளியுமாம்!

பெட்டிக்காரர் போன வருஷம் வரை ஃபிரிட்ஜ் பழுது பார்த்தவர். இப்போது கிருமி ஞானி.

அங்கே வந்த பரிசோதனைக்கூடக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிருமிகளை வளர்த்துப் பார்த்து இன்னதென்று சொல்வது அவள் வேலை. வரிசையில் அவளுடைய அக்கா நின்றாள். இடுப்பில் ஐந்து வயது மகள். குழந்தையின் காலில் புண், உடம்பு கொதித்தது. ஞானி பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தி மூன்று நாள்.

“மாத்திரையை ஏன்க்கா நிறுத்தின?”

“கிருமிங்க கோவமா இருக்குதாம்டி. மாத்திரை குடுத்தா இன்னும் முறைச்சுக்குமாம். தேன்தண்ணி குடுத்து சமாதானம் பண்ணச் சொன்னாரு.”

புண் காலில், குச்சி நாக்கில். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

“உங்க ஆஸ்பத்திரியிலயும் இப்ப கம்ப்யூட்டர்தானே கிருமியைப் பார்க்குது?” என்றாள் அக்கா.

“பார்க்குது. சந்தேகம் வந்தா தெரியலைன்னும் சொல்லுது. இந்தப் பெட்டி என்னைக்காவது தெரியலைன்னு சொல்லிச்சா?”

“அதெப்படிச் சொல்லும்? அது அவ்வளவு புத்திசாலி.”

பரிசோதனைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளின் குச்சிகளோடு, யாரையும் தொடாத வெறும் குச்சி ஒன்றையும் சோதிப்பார்கள். அதில் கிருமி தெரிந்தால் சோதனையே தப்பு. வேலையிலிருந்து நேரே வந்தவளின் பையில் அப்படி ஒரு குச்சி கிடந்தது. வரிசையின் கண்ணெதிரே உறையைப் பிரித்து, எதையும் தொடாமல் உள்ளே கொண்டுபோனாள்.

“என் வீட்டுக்காரரோடது,” என்று ஞானியிடம் நீட்டினாள்.

பெட்டி விளக்கை மினுக்கிப் பேசியது: “பதினான்கு கோடிக் கிருமிகள். மாமியார் வழி வந்தவை. கடுங்கோபத்தில் உள்ளன. ஆறு பாட்டில் தேன்தண்ணீர்.”

பின்னாலேயே வந்த அக்கா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். “இவளுக்குக் கல்யாணமே ஆகலைங்க.”

“வரப்போறவரோட கிருமி,” என்றார் ஞானி, சளைக்காமல். “பெட்டி எதிர்காலமும் பார்க்கும்.”

“குச்சி யாரையுமே தொடலை. வாசல்ல எல்லாரும் பார்த்தாங்க. அதையே மறுபடி வைங்க.”

வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. ஞானிக்கு வேறு வழியில்லை, வைத்தார்.

“ஏழு கிருமிகள்,” என்றது பெட்டி. “மூன்று அழுதுகொண்டிருக்கின்றன.”

வரிசையில் நின்ற எலக்ட்ரீஷியன் முன்னால் வந்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு பழைய கைபேசி, அதில் ஞானியின் குரலிலேயே பதிவான பன்னிரண்டு பதில்கள். திரும்பிப் பார்த்தால் ஞானி பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டியிருந்தார்.

“எனக்கு நாலாவது பதில் வந்துச்சு,” என்றார் ஒருவர் கவலையோடு. “அது மட்டும் சரியாத்தானே இருந்துச்சு?”

அக்கா பதில் சொல்ல நிற்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஒரு வாரத்தில் புண் ஆறத் தொடங்கியது.

மணிக்கணக்கில் நாக்கை நீட்டி நின்றவர்களே, அதே நாக்கால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் குழந்தைக்கு மூன்று நாள் வேதனை மிச்சமாகியிருக்கும்.