எண்பத்தெட்டு பர்சன்டைலின் தகப்பனார்

தகப்பன்மாரில் அடிக்கிறவர், அழுகிறவர், ரிப்போர்ட் கார்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர் என்று பல ரகம் உண்டு. அவர்களையெல்லாம் ஒருவாறு சமாளித்துவிடலாம். 2019 ஜனவரியில் புதிதாக ஒரு ரகம் முளைத்தது. பர்சன்டைல் தகப்பன். அடையாளம் சுலபம்: பிள்ளையின் பெயரைச் சொல்லுமுன் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கோபம் வந்துவிடும்.

நெய்வேலியில் இந்த ரகம் செழித்ததில் வியப்பென்ன? எந்த பிளாக், எந்த டைப் குவார்ட்டர்ஸ், பெர்மனென்டா கான்ட்ராக்டா என்று மூன்றே கேள்வியில் வந்தவரை எடைபோட்டு, உட்காரச் சொல்வதா, நிற்க வைத்தே பேசி அனுப்புவதா என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு, பெற்ற பிள்ளையையும் எடைபோட ஒரு எண் கிடைத்தால் கசக்குமா?

நம்மவர் பெயர் மருதாசலம். மைன்ஸில் ஃபோர்மேன். அந்த ஆண்டுதான் பர்சன்டைலில் முடிவு சொல்லத் தொடங்கிய அகில இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வை மகள் இசைப்பிரியா எழுதினாள்; எண்பத்தெட்டு பர்சன்டைல் வந்தது. நூற்றுக்கு எண்பத்தெட்டு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"அப்பா, ஆன்சர் கீய வச்சிப் பார்த்தேன். முந்நூத்தி அறுபதுக்கு எழுபதுதான் வருது."

"எழுபது எப்படிம்மா எண்பத்தெட்டாவும்? கம்ப்யூட்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

லட்டு வாங்கக் கிளம்பிவிட்டார். முதல் ஷிப்ட் பஸ்ஸில் டிரைவர் தொடங்கி கடைசி சீட் வரை லட்டு கொடுத்து, கேன்டீனில் டீ ஆறும்வரை பேசி, மாலை நடையில் எதிரே வந்தவர்களை மறித்து, "அந்தப் பன்னெண்டு மார்க்கை எங்கே விட்டாள்னுதான் புரியலை" என்று ஒரு பெருமூச்சும் விட்டார். அந்தப் பெருமூச்சுக்குத்தான் லட்டைவிட இனிப்பு அதிகம்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அந்தத் தேர்வை ஏப்ரலில் இன்னொரு முறை எழுதலாம். இரண்டில் எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்வார்கள். இசைப்பிரியா எழுத ஆசைப்பட்டாள். விடியற்காலையில் எழுந்து ஒரு மாதமாக கெமிஸ்ட்ரி படித்தாள். மருதாசலமோ, எண்பத்தெட்டு வாங்கியவள் மறுபடி எழுதினால் ஊர் என்ன நினைக்கும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். விண்ணப்பத்தின் கடைசி நாளன்றுதான், மகள் சாப்பிடாமல் உட்கார்ந்த பிறகு, மந்தாரக்குப்பத்தில் கமர் நிஷா நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு அவளைக் கூட்டிப் போனார். கமர் நிஷா புள்ளியியல் படித்தவர். நெய்வேலிப் பிள்ளைகளில் பாதிப் பேரின் விண்ணப்பம் அவர் கையால் போனதுதான்.

"நூத்துக்கு எண்பத்தெட்டு எடுத்திருக்கா. இன்னும் எழுதணும்கிறா பாரும்மா" என்றார் மருதாசலம்.

கமர் நிஷா தட்டச்சை நிறுத்தினார். "சார், அது மார்க்கு இல்லீங்க. குவார்ட்டர்ஸுக்கு சீனியாரிட்டி லிஸ்ட்டு போடுறாங்கல்ல, அது மாதிரி வச்சிக்கோங்க. நூறு பேரு லிஸ்ட்டுன்னா பாப்பாவுக்கு மேல பன்னெண்டு பேரு. மிச்சப் பேரு பாப்பாவோட சமமா, இல்ல கீழ. எத்தினி மார்க்குன்னு இது சொல்லாது. எத்தினி பேர தாண்டி நிக்கிறோம்னுதான் சொல்லும்."

"மேல பன்னெண்டு பேருதானே?"

"நூறு பேருக்குப் பன்னெண்டுங்க. எழுதினவங்க ஒம்போது லட்சம்னு வச்சிக்கினு பாருங்க." கால்குலேட்டரைத் தட்டி அவர் பக்கம் திருப்பினார். "ஒரு லட்சத்து எட்டாயிரம் பேரு முன்னாடி நிக்கிறாங்க. அவங்கள்ல பாதிப் பேருக்கே நல்ல காலேஜுல எடம் இல்லீங்க."

சீனியாரிட்டி லிஸ்ட் என்றதும் மருதாசலத்துக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. பெரிய குவார்ட்டர்ஸுக்காக நாற்பது பேருக்குப் பின்னால், மூன்றே மூன்று காலி வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவர் ஆயிற்றே. மகளைப் பார்த்தார். கையில் புகைப்படத்தோடு நின்றிருந்தாள்.

"நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்றார் கமர் நிஷா. மருதாசலத்தின் கைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொன்னால் விண்ணப்பத்தின் அடுத்த பக்கம் திறக்கும். அவ்வளவுதான் வேலை.

அந்த நேரம் பார்த்து ஆதார் ஜெராக்ஸ் எடுக்க உள்ளே வந்தார் சங்கரலிங்கம். அதே ஷிப்ட் பஸ். இரண்டு லட்டு தின்றவர்.

"என்ன மருதாசலம், பொண்ணு மறுபடியும் எழுதுதா?"

கைபேசி இருந்த சட்டைப்பையை மருதாசலம் கையால் மூடிக்கொண்டார். "சேச்சே. எண்பத்தெட்டு எடுத்தவளுக்கு என்ன தலையெழுத்து? சும்மா விசாரிக்க வந்தோம்."

"அப்பா, நான் எழுதுறேன்ப்பா" என்றாள் இசைப்பிரியா.

"வூட்டுக்கு வா, பேசிக்கலாம்."

கமர் நிஷா சங்கரலிங்கத்தின் ஆதாரை வாங்கிக்கொண்டார். விளங்காமல் செய்திருந்தால் மன்னித்துத் தொலைக்கலாம். மனிதர் விளங்கிய பிறகு செய்தார். நினைத்தால் வயிறு எரிகிறது. ஊரெல்லாம் ஒரு எண்ணைச் சொல்லித் திரிந்தவருக்கு, மகளுக்காகச் சொல்ல வேண்டிய ஒரே எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை. அன்றோடு விண்ணப்பம் மூடிவிட்டது.

மறுநாள் மாலை நடையில் அவர் குரல் கணீரென்று கேட்டது. "பர்சன்டைல்னா மார்க்குன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க, விவரம் தெரியாதவங்க. ஏழு லட்சத்துத் தொண்ணூத்தி ரெண்டாயிரம் பேரோட கணக்கு அது. அத்தனை பேருக்கும் எம் பொண்ணு கொறைஞ்சவ இல்லை." கணக்கில் ஒரு பிழை சொல்ல முடியாது. வீட்டில் இசைப்பிரியா கெமிஸ்ட்ரி புத்தகத்தைப் பழைய பேப்பரோடு கட்டிக்கொண்டிருந்தாள்.

இதைப் படித்துவிட்டு, "நல்லவேளை, நான் இந்த ரகம் இல்லை" என்று மூச்சு விடுகிறீர்கள், இல்லையா? உலகத்துத் தகப்பன்மாரையெல்லாம் வரிசையாக நிறுத்தி, மருதாசலத்தைக் கீழே எங்கோ தள்ளி, உங்களை மேலே ஏற்றியும் வைத்தாயிற்று. எத்தனையில் வைத்தீர்கள்? தொண்ணூறா, தொண்ணூற்றைந்தா? சரி, இருக்கட்டும். உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்த எண்ணை வெளியே சொல்லுங்கள்.