ஏழாம் நம்பர் படகு

இந்த வருஷம் ஏரிப் படகுப் போட்டியில் கலந்துகொள்வது என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவெடுத்தபோது அவருக்கு நீச்சல் தெரியாது. துடுப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் போட்டி நடக்கும் தேதி ஒன்றுதான். அது மாமனாரின் பிறந்தநாள். அந்த ஒரு நாள் விருந்திலிருந்து தப்பிப்பதற்காக அவர் கப்பலே ஓட்டத் தயாராக இருந்தார்.

விஷயம் இதுதான். மாமனாருக்கு அவர் இரண்டு கண்ணாடி செய்து கொடுத்திருந்தார். பழுப்பு பிரேம் படிக்க. கறுப்பு பிரேம் தூரத்துக்கு. பழுப்பு முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று மாமனார் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அதையே மாட்டிக்கொண்டு திரிந்தார். போன வருஷப் பிறந்தநாளன்று, வீட்டுக்குப் பின்னால் ஏரிக்குள் இறங்கும் படிகளில் அதோடேயே இறங்கினார். கடைசிப் படி இருக்கும் என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. இடுப்புவரை நனைந்து எழுந்தவர், கூடியிருந்த சொந்தபந்தம் அத்தனைக்கும் கேட்கும்படி சொன்னார்:

“மாப்பிள்ளை கண்ணாடியில படி ஒரு இடத்துல தெரியுது. இருக்கறது வேற இடத்துல!”

“மாமா, அது படிக்கிற கண்ணாடி. படி இறங்கற கண்ணாடி இல்ல.”

“கண்ணாடின்னா எல்லாம் தெரியணும். தொழில் தெரிஞ்சவர் செஞ்சா தெரியும்.”

அவ்வளவுதான். கண்ணாடிக்கடைக்காரர் தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்தார். “இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்” என்று எல்லார் முன்னாலும் சபதம் செய்தார். செருப்பைத் தேடியதில்தான் கம்பீரம் கொஞ்சம் குறைந்துவிட்டது.

சபதம் அவருக்குப் புதிதல்ல. மனைவியின் சித்தி வீட்டு வாசலையும் அவர் மிதிப்பதில்லை. ஒரு கல்யாணத்தில் சித்தி, “முதல்ல இவர் வயிறு வருது, அப்புறம்தான் இவர் வர்றார்” என்று சொல்லி நாலு பேர் சிரித்துவிட்டார்கள். மனைவியின் சொந்தக்காரர்கள் எல்லாருக்குமே ஏரியைச் சுற்றித்தான் வீடு. இப்படியே போனால் காலை நடைக்குக்கூடக் கரை மிஞ்சாது போலிருந்தது.

போட்டிக்குப் பெயர் கொடுத்த அன்று சாயங்காலம், கூடத்துத் தரையில் உட்கார்ந்து, கைக்கு ஒரு துடைப்பக் கட்டையாக வைத்துக்கொண்டு அவர் பயிற்சி செய்தார். மனைவி தேநீரோடு வந்து நின்றாள்.

“ஏங்க, என்னங்க இது? தரையைப் பெருக்கறீங்களா, நீந்தறீங்களா?”

“துடுப்பு போடறேன். ஏரிப் போட்டிக்கு நானும் மாடி பல் டாக்டரும் ஒரே படகு.”

“என்னைக்குப் போட்டி?”

“அது வந்து… அடுத்த ஞாயித்துக்கிழமை.”

“அப்பா பிறந்தநாள் அன்னைக்கா?”

“அடடா! அன்னைக்கா? என்ன செய்யறது, பேர் குடுத்தாச்சே.” துடைப்பக் கட்டைகளை அவர் வேகமாக வலித்தார்.

மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. தேநீரைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“ஒரு வருஷமா நான் தனியாத்தான் போயிட்டு வர்றேன். அவர் வரலையான்னு அம்மா கேக்கறப்போ தலைவலி, கடையில கூட்டம்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. நீங்களும் அப்பாவும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடறதை நான் பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அவர் துடைப்பக் கட்டைகளைக் கீழே வைத்தார். ஆனால் சபதம் சபதம்தான். “உங்கப்பா என் கண்ணாடி நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், வர்றேன்” என்றார்.

“அதைக் கேக்க நீங்க அங்க வந்தாத்தானே முடியும்?”

“போட்டி இருக்கே!”

மனைவி துடைப்பக் கட்டைகளைப் பார்த்தாள். “சரி, இது எப்படிங்க? நீங்க இப்படி வலிச்சா படகு உங்க முதுகுப் பக்கமால்ல போகும்?”

தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கும் வாய்ப்பு அந்த வீட்டில் அவருக்கு அபூர்வம். நிமிர்ந்து உட்கார்ந்தார். “போட்டியில ரெண்டு விதப் படகு இருக்கு. ஒல்லிப் படகுல முன்னாடி பாத்து மண்டி போட்டு வலிக்கணும். என் முட்டிக்கு அது சரிப்படாது. இது அகலப் படகு. போற திசைக்கு முதுகைக் காட்டி உக்காந்துதான் துடுப்பு போடணும். எதிர்ல ஒருத்தர் உக்காந்து சுக்கானைப் பிடிச்சு, கயித்தை இழுத்துத் திருப்புவாங்க. வழி அவங்களுக்குத்தான் தெரியும்.”

“நீங்க திரும்பிப் பாக்கவே மாட்டீங்களா?”

“பாக்கக் கூடாது! படகு ஆடிடும். படகுக் கொட்டகைக்காரர் கண்டிப்பா சொல்லிட்டார். சுக்கான் பிடிக்கறவங்களை முழுசா நம்பணும்.”

“முழுசாவா?”

“முழுசா.”

“நல்ல விளையாட்டா இருக்கே” என்றாள் மனைவி. அன்று இரவு அவருக்கு அப்பளம்கூட இரண்டு அதிகமாகக் கிடைத்தது. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடியிலிருந்து செய்தி வந்தது. பல் டாக்டருக்குப் பல் வலி.

“பல் டாக்டருக்கே பல் வலியா?” என்று கண்ணாடிக்கடைக்காரர் அலறினார்.

“அவருக்கும் பல் இருக்கில்ல?” என்றாள் மனைவி. “பாவம். நேத்துதான் அவங்க வீட்டம்மாகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டிருந்தேன்.”

“இப்ப சுக்கானுக்கு நான் எங்க போவேன்? ஆள் இல்லைன்னா படகை விட மாட்டாங்களே!” படகு இல்லையென்றால் போட்டி இல்லை. போட்டி இல்லையென்றால் சாப்பாட்டு நேரத்துக்குள் மாமனார் வீட்டு வாசல்.

“நான் வேணா வரட்டுமா?”

“நீயா? அப்போ உங்கப்பா விருந்து?”

“அதை நான் பாத்துக்கறேங்க. புருஷன்னு ஒருத்தர் இருக்காரே, அவரைத் தனியா தண்ணியில விடறதா?”

அவர் நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று கரைவரை சொல்லிக்கொண்டே போனார்.

அவருக்குக் கொடுத்தது ஏழாம் நம்பர் படகு. மிதவைச் சட்டையை வயிற்றின்மேல் பூட்ட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மனைவி எதிரே குடையும் மடியில் ஒரு கூடையுமாக உட்கார்ந்தாள்.

“கூடை எதுக்கு?”

“முடிஞ்சதும் மாத்திக்க உங்களுக்கு ஒரு நல்ல சட்டை.”

விசில் ஊதியது. இரண்டு வகைப் படகுகளும் கரையை ஒட்டியே, தூரத்தில் பாலத்தடியில் கட்டியிருந்த கொடியைப் பார்த்துக் கிளம்பின. கண்ணாடிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை துடுப்பு வலித்தார். கண்ணைத் திறந்தால் புறப்பட்ட கரை தள்ளிப் போயிருந்தது. கரையில் பல் டாக்டர் நின்று சோளக்கதிரைக் கடித்துக்கொண்டிருந்தார். பல் வலிக்காரர் இவ்வளவு ஆசையாகக் கடிப்பாரா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. அதற்குமேல் யோசிக்க மூச்சு இல்லை.

“முன்னாடி யாராவது இருக்காங்களா?”

“ஒருத்தர்கூட இல்லீங்க.”

அவர் இன்னும் வேகமாக வலித்தார். மற்றப் படகுகள் பக்கவாட்டில் எங்கோ சின்னதாகிக்கொண்டே போயின.

“என்ன, எல்லாரும் அந்தப் பக்கமா ஒதுங்கிட்டாங்க?”

“அவங்க வழி அது. நாம நேராப் போறோம்.”

கரையிலிருந்து ஒலிபெருக்கி லேசாகக் கேட்டது. ஏழாம் நம்பர் படகு… ஏழாம் நம்பர் படகு… மிச்சத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது.

“கேட்டியா? நம்மளைத்தான் சொல்றாங்க!”

“ஆமாங்க, நம்மளையேதான் சொல்றாங்க. மெதுவாப் போடுங்க. அவசரமே இல்ல.”

உண்மையிலேயே அவசரம் இல்லை போலத்தான் இருந்தது. ஏரி அமைதியாக இருந்தது. துடுப்பு ஒரே தாளத்தில் விழுந்தது. குடை நிழலில் மனைவியின் முகம் பல நாளாகப் பார்க்காத அழகோடு இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு வந்திருக்கிறோம், அதுவும் இவள் கண்ணெதிரே, என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

படகு எதிலோ மெத்தென்று இடித்து நின்றது. முதுகுக்குப் பின்னால் ஒரே கைதட்டல்.

“ஜெயிச்சுட்டோமா?” இரண்டு துடுப்பையும் உயரத் தூக்கினார்.

“வந்து சேந்துட்டோம்” என்றாள் மனைவி.

திரும்பினார். எதிரே படிகள். பழக்கமான படிகள். மேலே மரத்தடியில் நீண்ட மேசையும் தட்டுகளும். மாமியார், மச்சான், அவன் குழந்தைகள் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இது… இது உங்கப்பா வீடு!”

“ஆமாங்க.”

“நான் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு…”

“வாசப்படி அந்தப் பக்கம் ரோட்டுல இருக்கு. இதை நீங்க சபதத்துல சேக்கல.”

வழியெல்லாம் அவள் சொன்ன பதில்களை அவர் அவசரமாக ஒருமுறை புரட்டிப் பார்த்தார். ஒன்றுகூடப் பொய் இல்லை. படகைத் திருப்பிவிடலாமா என்று பார்த்தார். கை இரண்டும் மரத்துப்போய் மடியில் கிடந்தன. எதிரே அவள் குடையைச் சுருக்கிக்கொண்டு, சிரிக்காமல், கொஞ்சம் பயத்தோடுகூட, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மாமனார் மெல்லப் படியில் கால் தேடித் தேடி இறங்கி வந்தார். தொண்டையைச் செருமினார்.

“நடு ஏரியில வர்றப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மாப்பிள்ளை! நீலச் சட்டை, கோடு போட்ட சட்டைன்னு கோடுவரைக்கும் தெரிஞ்சுதே! அப்பவே சொன்னேன், மாப்பிள்ளை செஞ்ச கண்ணாடின்னா கண்ணாடிதான்னு.”

ஒரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. சொந்தபந்தம் அத்தனையும் கேட்கச் சொன்ன வார்த்தை. கண்ணாடிக்கடைக்காரர் படியில் கால் வைத்தது அவருக்கே தெரியாது. கூடையிலிருந்த சட்டையை மாற்றிக்கொண்டார். அதற்கடியில் மாமனாருக்கும் ஒரு புதுச் சட்டை இருந்தது. அதை அவரே எடுத்துக் கொடுத்தார். மேசையில் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எதிர்வரிசையில் மனைவி தட்டைத் தொடாமல் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவருக்குக்கூட அது நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர்க் குவளையை எடுக்கத் திரும்பியபோதுதான் மாமனாரின் முகத்தைக் கிட்டத்தில் கவனித்தார். பிரேம் பழுப்பு.

வெயில் தாழ்ந்ததும் படகைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. எல்லாரும் படியில் நின்று கையசைத்தார்கள். போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவர் வலிக்க ஆரம்பித்தார்.

“உங்கப்பா போட்டிருந்தது படிக்கிற கண்ணாடி.”

“அப்படியா?”

“அதுல நடு ஏரி என்ன, ஏரியே தெரியாது. என் சட்டையில கோடு இருந்தது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“காலையில நான்தான் போன்ல சொன்னேன்.”

அவர் நாலு முறை வலித்தார். பிறகு, “எப்படியோ, நல்லாத்தான் சொன்னார்” என்றார். சொன்னபிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே பார்த்தபோது, கையசைத்துக்கொண்டிருந்தவர்களோடு மாமனார் வீடு மெல்ல ஒரு பக்கமாக நகர்வது போலிருந்தது.

“நேரா வீட்டுக்குத்தானே போறோம்?”

“வீட்டுக்குத்தாங்க.”

“யார் வீட்டுக்கு?” திரும்பப் போனார்.

“திரும்பாதீங்க, படகு ஆடும்” என்று மனைவி கயிற்றை இன்னும் கொஞ்சம் இழுத்தாள். “சித்தி கரைக்கே வந்து நிக்கறாங்க. அந்த வயித்தை மட்டும் கொஞ்சம் உள்ள இழுத்துக்கோங்க.”