அலமாரிக்குப் பின்னால் போன கண்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அதாவது அவள் நலம், என் நிலைமையைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி பின்னறையில் புத்தகத்தைத் திறந்ததும் தூங்கி விழுகிறாள், எழுப்பினால் கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்கிறாள், இந்தப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன் என எழுதியிருந்தீர்கள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, மாப்பிள்ளை. அது என் ரத்தம். உங்கள் முடிவுக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஏனென்றால் நானே வேலையை விடுகிறேன்.

சட்டைக் கம்பெனியில் துணிக்கு ஏற்ற நிறத்தில் நூல் எடுத்துக் கொடுப்பது என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். நிறத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று உங்கள் அப்பாவிடமே பீற்றிக்கொண்டவன் நான். சில மாதங்களுக்கு முன் ஜன்னலோரம் புது பேக்கிங் மிஷின் வந்ததால் என் மேசையை உள்ளே, இரும்பு அலமாரிக்குப் பின்னால் தள்ளிப் போட்டார்கள். தலைக்கு மேலே ஒரே ஒரு வெள்ளை விளக்கு, மேசைப் பலகையோ முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. நிம்மதியான இடம் என்று மகிழ்ந்துதான் உட்கார்ந்தேன், அன்றிலிருந்து காலையிலேயே கொட்டாவி, சாப்பிட்டு வந்தால் சொல்லவே வேண்டாம். சர்க்கரையாக இருக்குமென்று ரத்தம் கொடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ஏமாற்றத்தில் கண் டாக்டரிடம் போனேன், அவரும் ஒன்றுமில்லை என்றார், நான் விடாமல் கேட்டதால் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் விளக்கு மேசைக்குள்ளிருந்து இன்னும் பளிச்சென்று அடித்தது. சரி என்று தொப்பி போட்டுக்கொண்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, உள்ளே வெயில் ஜாஸ்தியா?" என்றார். ஒருநாள் நூல் அட்டை மேலேயே கண்ணயர்ந்துவிட்டேன், முதலாளி கூப்பிடுகிறார் என்றதும் அலறியடித்து ஓடினால், அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் நெற்றியையே பார்க்கிறார். ரோஸ் கலர் நூல் ஒட்டியிருந்திருக்கிறது.

இதெல்லாம்கூடப் போகட்டும். போன வாரம் கறுப்புச் சட்டைகளுக்குக் கருநீல நூலை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அத்தனையும் தைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. தையல் பெண்கள் உட்கார்ந்து பிரித்தார்கள். "அண்ணே, கனவுல எடுத்துக் குடுத்தீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை. நிறம் தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை?

உங்கள் அத்தையோ, "லீவு நாள்ல வாசல்ல உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க, ஒரு கொட்டாவி வரல. அங்க போனா மட்டும் எப்படி வருது? உடம்பு வணங்கல, அதான்" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

ஆகவே நாளை ராஜினாமா கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் உங்களோடு வந்துவிடுவதாக முடிவு. அந்தப் பின்னறையே போதும். பீரோ ஜன்னலை மறைப்பதால் பகலிலும் விளக்குப் போட வேண்டும் என்பது தெரியும். எனக்கு அங்கே தூங்குவதுதானே வேலை.

எல்லோரும் குறைவின்றி நெடுநாள் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. ராஜினாமாவோடு போனால், பேக்கிங் மிஷினை ரிப்பேருக்குத் தூக்கிப்போயிருந்தார்கள். "போறதுதான் போறீங்க, ஜன்னல்கிட்ட உக்காந்து இந்த லாட்டை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார் சூப்பர்வைசர். உட்கார்ந்தேன். கறுப்பு கறுப்பாகவும் நீலம் நீலமாகவும் இருந்தன. சாயங்காலம் வரை கொட்டாவி இல்லை; வருகிறதா என்று வாயைத் திறந்துகூடப் பார்த்தேன்.

"இத்தனை நாளா உங்க கண்ணு எங்கண்ணே போயிருந்துச்சு?" என்றார் சூப்பர்வைசர்.

"அலமாரிக்குப் பின்னாடி" என்றேன்.

மிஷின் திரும்பி வந்ததும் அதைத்தான் உள்ளே போடப் போகிறார்கள். அதற்குக் கொட்டாவி வராது.

ஆகவே நாங்கள் வரவில்லை. ரத்தம் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். பேத்தியின் படிப்பை நிறுத்த வேண்டாம், மாப்பிள்ளை. இதற்கு நான் குறுக்கே நிற்கிறேன். முதலில் பீரோவை நகர்த்துங்கள். அவள் மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள், நேரெதிரே போட்டால் கண் கூசும். அதற்குப் பிறகும் தூங்கினால் அது வெறும் தூக்கம். கொஞ்சம் தூங்கட்டும்.