ஓரம் சரியில்லை

"என்ன லென்ஸு, மறுபடியும் ரிஜெக்டா?"

சூப்பர்வைசரின் குரல் கேட்டதும் லென்ஸுக்கு முகமூடிக்குள் வியர்த்தது. கண்ணாடிகளைப் பரிசோதிக்கும் வேலை என்பதால் ஆலையில் எல்லோரும் அவரை லென்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். செல்பேசிக் கண்ணாடியின் வளைந்த ஓரத்தில் விழுந்த ஒளிக்கோடு கோணாமல் வழுக்கிக்கொண்டு போயிருந்தது. மெஷின் திரையில் 'சரி' என்கிற பச்சை. ஆனாலும் ரிஜெக்ட் பொத்தானை அழுத்தியிருந்தார்.

"ஓரம் சரியில்ல சார்."

கண்ணாடியை வளைக்கும் ஆலை வேறு ஊரில் இருந்தது. அங்கேயே தங்கி அதைத் தட்டில் அடுக்கி அனுப்புகிறவள் அவர் மனைவி. இவருக்கு வேலை முடியும்போது அவளுக்கு ஷிப்ட் தொடங்கும். ஊர் உலகமெல்லாம் பேசிக்கொள்ள ஃபோன் செய்துகொடுத்தார்கள். இவர்கள் பேசிக்கொள்ளத்தான் நேரம் வாய்க்கவில்லை. அவள் கை பட்டது என்பதற்காகவே சில கண்ணாடிகளைக் கீழே வைக்க மனசு வராமல், கையுறையோடு பிடித்துக்கொண்டு நிற்பார்.

ரிஜெக்ட் கூடிப்போனால் அங்கிருந்து ஓர் ஆள் நேரில் வந்து பார்க்க வேண்டும். அடுக்குகிறவளைத்தான் அனுப்புவார்கள் என்பது லென்ஸின் கணக்கு.

வந்தவருக்குப் பெரிய மீசை.

"எங்கய்யா கோளாறு? காட்டுங்க பாப்போம்."

காட்ட ஒன்றுமில்லை. மீசைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கண்ணாடி உட்காரும் மேடைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துச் செருகினார் லென்ஸ். மேடை மயிரிழை சாய்ந்தது. ஒளிக்கோடு கோணிக்கொண்டது. திரை செக்கச்செவேலென்றானது.

மீசைக்காரர் கண்ணாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க கையாலதானே வளைச்சோம்..." என்று முனகிக்கொண்டே, சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பினார். லென்ஸுக்குப் பாவமாக இருந்தது. காகிதத்தை உருவினார். பாதி கையோடு வந்தது. மீதி உள்ளேயே தங்கிவிட்டது.

அதன்பிறகு எதை வைத்தாலும் சிவப்பு. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று சத்தியம் செய்தார். வேலை நின்றது. மேனேஜரே இறங்கி வந்தார்.

"இது சரிப்படாது. கண்ணாடி வளைக்கிற இடத்துலயே ஒருத்தர் நிரந்தரமா உக்காந்து, பாத்துப் பாத்து அனுப்பணும். யார் போறீங்க?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"நான் போறேன் சார்!"

மேனேஜர் நெகிழ்ந்துபோனார். "வீடு வாசலையெல்லாம் விட்டுட்டு..."

"கம்பெனிதான் சார் முக்கியம்."

வீட்டைக் காலி செய்தார். மனைவியின் தலையணையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அவளிடம் மூச்சுவிடவில்லை. திடுதிப்பென்று முன்னால் போய் நிற்க வேண்டும். அவள் முதலில் திட்டுவாள். திட்டட்டும். அந்தக் குரலைப் பக்கத்தில் இருந்து கேட்டு எவ்வளவு காலமாகிறது!

புது ஆலையில் கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே வெள்ளை உடையில் ஒரு பெண் குனிந்து நின்றாள். லென்ஸ் பின்னால் போய் நின்றார். மெதுவாகத் தொண்டையைச் செருமினார். நிமிர்ந்தது வேறு முகம்.

"என் வீட்டுக்காரி இங்கதாம்மா அடுக்குவா... எங்க காணோம்?"

"அக்காவா? 'அவரு மெஷினுக்குப் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிறேன்'னு கெஞ்சிக் கூத்தாடி, நிரந்தரமா மாத்தல் வாங்கிட்டு, இன்னிக்குக் காலையிலதான் பொட்டியோட உங்க ஊருக்கு பஸ் ஏறினாங்க!"