காருக்கு மோர் ஊற்றிய விவரம்

சேந்தமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை.

புனாவில் இருக்கும் மூத்த மாப்பிள்ளை ஈஸ்வர் அவர்களுக்கு, மாமனார் சின்னுசாமி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் பண்ணையிலுள்ள அத்தனை கோழிகளும் நலம். நீங்களும் மஞ்சுளாவும் நலமாயிருக்க அறப்பளீஸ்வரரை வேண்டுகிறேன். போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள், அதனால் கடிதம்.

நீங்கள் என்னை நம்பி விட்டுப்போன காரைப் பற்றித்தான். நம் இளையவள் தமிழினிக்கு ஆட்டையாம்பட்டியில் ஒரு வரன் வந்து, வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதாகப் பேச்சு. "குடியிருக்கப் போறது நானுங்கப்பா" என்று அவளும் கிளம்பிவிட்டாள். அன்று காலை பார்த்தால் காருக்கு அடியில் பச்சையாக ஒழுகியிருக்கிறது. கோழி பச்சையாகக் கழிந்தால் என்ன அர்த்தமென்று பண்ணைக்காரனுக்குத் தெரியாதா? மற்றவற்றுக்குத் தொற்றக்கூடாதே என்று காரை வேலிக்கு வெளியே தள்ளி நிறுத்தினேன். உங்கள் அத்தை, "ஏனுங்க, அது காருங்க, கோழி இல்லீங்க" என்றாள். நோய் எல்லா உயிருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

ராசிபுரம் தாண்டியதும் சூட்டு முள் சிவப்புக்குப் போய், முன்பக்கம் புகை வந்துவிட்டது. வெயிலில் கோழி மூச்சு வாங்கினால் நாம் என்ன செய்வோம்? ஷெட்டைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டுவோம், குடிக்கிற தண்ணீரில் மோர் கலப்போம். இரண்டையும் செய்தேன். ஆற வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வழிக்குக் கொண்டுவந்த மோர் முழுவதையும் ஊற்றி, முன்பக்கம் ஒரு இடுக்குவிடாமல் சாக்கு கட்டினேன். நன்றி கெட்ட வண்டி இன்னும் அதிகமாகக் கொதித்தது. நின்று நின்று ஆட்டையாம்பட்டிக்குள் நுழையும்போது ஊரெல்லாம் மோர்க்குழம்பு வாசம். வாசலில் நின்ற ஒரு அம்மாள், "தாளிச்சாச்சுங்களா?" என்று கேட்டே விட்டார்.

ராகுகாலத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டி நின்றது, நின்றதுதான். பையன் பெயர் சண்முகவேல், லாரி ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கிறார். பெண் பார்க்க வேண்டியவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். "ஹோஸ் விரிஞ்சு கூலண்ட் பூராவும் போயிருச்சுங்க மாமா. காத்துப் போற வழியச் சாக்கு வெச்சு அடைச்சுப்போட்டீங்க. அது செரி, உள்ளுக்கு என்னங்க ஊத்துனீங்க?"

தமிழினிதான், "மோருங்க. எங்கப்பாவுக்கு எது சூடானாலும் மோருதானுங்க" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள், சம்பந்தி வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க. எனக்கு முகம் செத்துப்போயிற்று.

ஆகையால் இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம். மாமனாரை முதல்நாளே பார்த்துச் சிரிப்பவன் நாளைக்கு என்ன மதிப்பான்? வேண்டாம் என்று நான் சொன்னதிலிருந்து தமிழினி என்னோடு பேசுவதில்லை. அவள் பேசாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள். நேரில் வந்து பேசி, அப்படியே பட்டறையில் கிடக்கும் காரையும் ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

முட்டை விலைபோல் ஏறி இறங்காமல் உங்கள் உத்தியோகம் ஏறிக்கொண்டே இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமனார் சின்னுசாமி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் சண்முகவேல் வந்துவிட்டார், சாக்கைத் திருப்பிக் கொடுக்க. ஷெட்டில் கோழிகள் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "இதுக்கும் காத்துப் பத்தலீங்க மாமா. சாக்கை இத்தன நெருக்கிக் கட்டுனா, இஞ்சினோ கோழியோ, வேகாம என்னங்க பண்ணும்?" என்று பாதியை அவிழ்த்துவிட்டு, தன் வண்டியில் கொண்டுவந்திருந்த ஒரு ஃபேனை மாட்டினார். கோழிகள் வாயை மூடிவிட்டன. தமிழினி வாயைத் திறந்துவிட்டாள். "காப்பி வேணுங்களாப்பா?" என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோழியின் கஷ்டம் தெரிந்த பையனை விடலாமா? ஆவணியில் நிச்சயதார்த்தம். மேலே எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டாம். அந்த ஃபேன் உங்கள் காரிலிருந்து கழற்றியது, பேட்டரியும் அதனுடையதுதான். ரேடியேட்டரில் உறைந்த தயிரை எடுக்கும்வரை சும்மாதானே கிடக்கிறது என்றார், நியாயம்தானே. இப்போது ஃபேனை எடுத்தால் கோழிகள் தாங்காது. நீங்கள் நிச்சயத்துக்கு பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள்.