ஆத்தா இங்கிலீஷில் பேசிய ஆடி மாதம்

என் கல்யாணத்தை நிச்சயம் செய்தது ஜாதகம் இல்லை, தரகர் இல்லை, பெரியவர்களும் இல்லை. உச்சந்தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற ஒரு ராக் பாடகன். அன்றைக்கு நடந்ததில் பாதி எனக்கு இன்னும் புரியவில்லை. மீதிப் பாதி புரிந்துவிட்டது என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் தப்பு.

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு ராக் பேண்டில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். பேண்டின் பெயர் 'பிளாக் பஃபலோஸ்'. (கறுப்பு எருமைகள் என்று அர்த்தம் தெரிந்ததும் அம்மா சொன்னது: "அதத்தானட்டி நான் தெனமும் ஓசியில சொல்லுதேன், அதுக்கு எதுக்கு பேனரு?") நோட்டீஸில் 'புகழ்பெற்ற' என்று போட்டுக்கொள்வோம். பொய் இல்லை. பட்டாபிராமிலிருந்து வில்லிவாக்கம் வரை மின்சார ரயிலில் எங்களை அடையாளம் கண்டுபிடித்து எழுந்து இடம் கொடுப்பார்கள். வில்லிவாக்கம் தாண்டிவிட்டால் நாங்களும் நின்றுகொண்டுதான் போகவேண்டும்.

அந்தப் புகழ் முழுக்க எங்கள் பாடகன் ரவியுடையது. தோள் வரை முடி. வாயைத் திறந்தால் ஆவடி குவார்ட்டர்ஸில் ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் முளைக்கும். ஆனால் அவனுக்கு மனசு சரியில்லை. என்ன சரியில்லை என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. மனித முகத்தைப் பார்த்து அவனால் பாட முடியாது. ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டிரம்ஸ் வாசிக்கிற பாபுவைப் பார்த்துத்தான் பாடுவான். (ஜனங்கள் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள். காதல் பாட்டு வரும்போதெல்லாம் பாபுதான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நெளிவான்.) வாரம் ஒரு தடவை பேண்டிலிருந்து விலகுவான். மனசு ரொம்பக் கெட்டுப்போனால் தமிழ் நின்றுவிடும். இங்கிலீஷில் இரண்டு மூன்று வார்த்தை, அவ்வளவுதான் வரும்.

அவன் விலகலாம், வேறு யாரும் விலகக்கூடாது. எங்கள் பழைய கிதார்காரன் குவைத்துக்கு வேலைக்குப் போனபோது ரவி அம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, வந்த வண்டியையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தான். நான் போய்த் திட்டி இழுத்துக்கொண்டு வந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் குமார் வந்தான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிற டர்னர், வீடு கள்ளிக்குப்பம். எங்கள் கச்சேரி எங்கே நடந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்து, பாட்டைக் கேட்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கும் பிடித்துப்போயிற்று. பாக்டரியில் வேலை பார்த்த அப்பா சரி என்றுவிட்டார். திருநெல்வேலிக்காரியான அம்மா, குமார் வீட்டார் பேசுகிற பாஷையே விளங்கவில்லை என்று இழுத்தாலும் மறுக்கவில்லை. மிச்சம் இருந்தது குமாரின் அம்மா கன்னியம்மா.

கன்னியம்மா சின்ன வயதில் நாற்று நட்ட வயலிலேயே பிறகு கம்பெனிகள் வந்தன. புருஷன் போன பிறகு அதில் ஒன்றில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து மகனை ஆளாக்கியவர். குமார் அவர் பேச்சை மீறவே மாட்டான். (அதைப் பெருமையாக வேறு என்னிடம் சொன்னான், மடையன்.) அவர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்.

"கச்சேரில பொட்டி வாசிக்கிற பொண்ணுன்ற. நான் இன்னாத்த சொல்றது? ஆடிக்கு நம்ம கோயில்ல வந்து வாசிக்கட்டும். ஆத்தா உத்தரவு குடுத்தா கட்டிக்கோ. குடுக்கலன்னா அந்தப் பேச்ச வுட்டுடு நைனா."

அந்தக் கோயிலில் ஒவ்வொரு ஆடியிலும் கூழ் ஊற்றுகிற அன்று ஒரு அக்காவுக்குச் சாமி வரும். அவள் வாயால் ஆத்தா சொல்வதுதான் உத்தரவு. ஆக, என் கல்யாணம் முகம் தெரியாத ஒரு அக்காவின் வாயில் இருந்தது.

ரவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மன் பாட்டு பாடவேண்டும், நல்லபடியாக நடந்துகொள்ளவேண்டும், கல்யாணம் ஆனால் நான் பேண்டில் தொடர்வது கஷ்டம் என்றும் சொன்னேன். அவன் பக்கத்தில் கிடந்த கிதாரின் கம்பியை முறுக்கினான். அது அறுந்து போகிறவரைக்கும் முறுக்கினான்.

திருவிழா அன்று மேடைக்கு ஒரு பக்கம் கூழ் அண்டாக்கள், மறுபக்கம் பம்பை உடுக்கைக்காரர்கள். கன்னியம்மா முன்வரிசையில் மஞ்சள் புடவையில் உட்கார்ந்து என்னை எடைபோட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் சட்டையில் ரவி, வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டு முதல் பாட்டை ஆரம்பித்தான். முதுகைத் திருப்பினால் அங்கே நேர் எதிரே அம்மன் சன்னதி. ஜனங்கள் பக்தியில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு உயிர் வந்தது.

இரண்டாம் பாட்டில் பாபு கொஞ்சம் வேகம் கூட்டினான். கேட்டுக்கொண்டிருந்த பம்பைக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை, அவரும் சேர்ந்துகொண்டார். விட்டேனா பார் என்று பாபு இன்னும் கூட்ட, பம்பை அதற்கு மேல் போக, நடுவில் மாட்டிய ரவி தலையை ஆட்ட ஆரம்பித்தான். ராக் கச்சேரிகளில் அவன் எப்போதும் ஆட்டுவதுதான். ஆனால் இந்த முறை நிறுத்தவில்லை. முடி நாலு திசையும் பறந்தது. மைக்கைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து ஒரே குதியாகக் குதித்துச் சன்னதி முன்னால் போய் நின்று ஆடினான்.

கூட்டத்தில் ஒரு பெண் குலவை போட்டாள். "ஆத்தா வந்துட்டாடி" என்று இன்னொருத்தி எழுந்தாள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் அவன் தலையில் இறங்கியது. ஊற்றுகிற அவசரத்தில் பாதி மேடைக்கு வந்தது. என் கீபோர்டு நாய் ஊளையிடுவதுபோல ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. வழக்கமாகச் சாமி ஆடுகிற அக்காவே வந்து ரவியின் கையில் வேப்பிலையைக் கொடுத்து, காலில் விழுந்தாள். அடப்பாவி, இனி உத்தரவு இவன் வாயிலா என்று நினைத்தேன்.

பூசாரி கற்பூரத்தட்டோடு வந்து, வந்திருப்பது யார் தாயே என்று கேட்டார். ரவி மூச்சு வாங்க அவரைப் பார்த்தான்.

"லீவ் மீ அலோன்" என்றான்.

பூசாரி திருதிருவென்று விழித்தார். "ஆத்தா இன்னா இங்கிலீஷ்ல பேசுது?"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அப்போது குமார் (நான்தான் சொன்னேனே, மடையன்) எழுந்து, "கௌரி பி.ஏ. இங்கிலீஷ் படிச்சிருக்கு" என்றான். அடுத்த நிமிஷம் நாலு பெண்கள் என்னை மேடையிலிருந்து இறக்கி ஆத்தாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் கல்லூரியில் இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை.

"எல்லாரையும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்றாங்க" என்றேன். அது உண்மைதான். மொத்தக் கூட்டமும் பயபக்தியோடு பின்னால் நகர்ந்தது. ரவி ஆச்சரியமாக என்னைப் பார்த்தான். அவன் வாழ்நாளில் கேட்டு ஒருவரும் செய்யாத காரியம் அது.

"வாட்டர்" என்றான் அடுத்து. இதற்கு என் மொழிபெயர்ப்புக்கு யாரும் காத்திருக்கவில்லை. குடிக்கத்தான் கேட்டான் பாவம். இன்னும் இரண்டு குடம் தலையில் ஊற்றினார்கள்.

பிறகு கன்னியம்மா முன்னால் வந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைகூப்பி, சுற்றி வளைக்காமல் கேட்டார். "தாயே, இந்தப் பொண்ண என் மவனுக்குக் கட்டலாமா, வாணாமா? சொல்லு."

ரவி அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். கண் சிவந்து கிடந்தது. அது கற்பூரப் புகையா, ஆத்தாவா, அம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சா, எனக்குத் தெரியவில்லை.

"நோ" என்றான். "டோன்ட் கோ."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சாமியா ஆசாமியா என்று யோசிக்க நேரமில்லை. என் வாய் அது பாட்டுக்குப் பேசியது.

"தள்ளிப் போடாத, ஆவணியிலயே முடிச்சிடுன்னு சொல்றாங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ரவிக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். நான் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. ஒரு வார்த்தை தமிழில் சொன்னால் போதும், என் கதை அங்கேயே முடிந்துவிடும். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். பம்பைகூட நின்றுவிட்டது.

கடைசியில் பூசாரியின் தட்டிலிருந்து ஒரு பிடி குங்குமத்தை எடுத்து, என் நெற்றி நிறையப் பூசிவிட்டு, அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். கூட்டம் குலவை போட்டது. எனக்கு மட்டும் அழுகை வந்துவிட்டது. பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆவணியில் கல்யாணம். எருமைகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம். ஒரு நாள் ரவியைத் தனியாகப் பிடித்து, அன்றைக்குப் பேசியது நீயா ஆத்தாவா என்று கேட்டேன். "கீபோர்ட ரிப்பேருக்குக் குடுத்தியா?" என்றான். இப்போதும் ஒவ்வொரு ஆடிக்கும் எங்கள் வீட்டுக்குக் கூழ் குடிக்க வருகிறான். மாமியார் அவனுக்கென்று ஒரு புதுச் சொம்பு வைத்திருக்கிறார்.

அந்த மாமியாரிடம் ரொம்ப வருஷம் பயந்துகொண்டேதான் இருந்தேன். என்றாவது ஒரு நாள் யாராவது அந்த 'நோ'வுக்கு அர்த்தம் சொல்லிவிடுவார்கள் என்று. என் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் அந்த நாள் வந்தது. அவள் எஸ், நோ படித்துக்கொண்டிருந்தாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார், நோ-னா வாணாம், இல்லன்னு அர்த்தம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"இன்னாம்மே முழிக்கிற? புருஷன் போய்ச் சேந்த வருஷம் எஸ்டேட்ல கம்பெனி கம்பெனியா வேல கேட்டு ஏறி எறங்கனவ நானு. எல்லா கேட்லயும் நோ வேகன்சின்னுதான் போர்டு தொங்கிகினு இருந்துச்சு. அந்த நோ எனக்குத் தெரியாதா?"

அப்புறம் ஏன் அத்தை சம்மதித்தீர்கள் என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

அவர் கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஆத்தாவே நோன்னுது. பக்கத்துல நின்னுகினு நீ ஆவணின்ற. இவ்ளோ ஆசையா ஒருத்தி என் புள்ளையக் கேட்டா, நான் யாரு வாணான்றதுக்கு? அப்பால ஆத்தாவும் உனுக்குக் குங்குமம் வெச்சுட்டுது."

அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் போயிற்று. போன வாரம்கூட டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் இங்கிலீஷில் சொன்னதைக் கேட்டு, இனிமேல் இனிப்பைத் தொடவே கூடாதாம் அத்தை என்றேன். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவரு அதத்தான் சொன்னாரா, இல்ல இதுவும் ஆவணியா?"