கட்-ஆஃப் அண்ணன்

தேர்வு எழுதுகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். தேர்வு முடிந்த பிறகுதான் உயிர் பெற்று எழுகிற ஓர் இனம் இருக்கிறது, அதைப் பார்த்திருக்கிறீர்களா? கடைசி மணி அடித்து, விடைத்தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, எல்லாரும் அப்பாடா என்று வாசலுக்கு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு மனிதர் மட்டும் கேட்டுக்கு நடுவில் காலை அகட்டி நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் மறித்து, "எத்தனை போட்டீங்க? எத்தனை விட்டீங்க? சந்தேகத்துல எது எது, என்ன போட்டீங்க?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டிருப்பார். அவரும் அதே தேர்வை எழுதியவர்தான். ஆனால் அது அவருக்கு இரண்டாம் பட்சம்.

இவர்தான் கட்-ஆஃப் கணிப்பாளர். ஊருக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. நான் சொல்லப்போகிறவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது ஹால் டிக்கெட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி நூலக வாசிப்பறையிலிருந்து ஜெராக்ஸ் கடை வரைக்கும் அவர் கட்-ஆஃப் அண்ணன்.

அண்ணனின் நோட்டு சாதாரண நோட்டு அல்ல. கடைசியாக நடந்த தேர்வுக்கு மட்டும் அதில், தேறக்கூடியவர் ஒருவர் விடாமல், நானூற்றுப் பன்னிரண்டு பேர். நீர்வழங்கல் துறையில் இளநிலை உதவியாளர், மொத்தம் இருபத்து நாலு இடம். நூறு கேள்வி, சரியாக இருந்தால் ஒன்று, தப்பாக இருந்தால் கால் மதிப்பெண் கழிவு. மதிப்பெண்ணை ஜனங்கள் உண்மையாகவா சொல்வார்கள்? சொல்ல மாட்டார்கள். அதற்கும் அண்ணனிடம் வைத்தியம் உண்டு. "கலக்கிட்டேண்ணே" என்கிறவனுக்கு எட்டு கழிக்க வேண்டும். "ஏதோ சுமாரா எழுதினேன்" என்று தலையைக் குனிகிற பெண்ணுக்கு ஐந்து கூட்ட வேண்டும். "எனக்கு இந்த வேலையே வேண்டாம்" என்கிறவனுக்குப் பன்னிரண்டு கழிக்க வேண்டும். காலையில் ஒரு தாள் மதியம் ஒரு தாள் என்று நடக்கிற தேர்வானால் அண்ணனுக்கு இன்னும் கொண்டாட்டம். காலையில் எழுதியவர்கள் காலைத்தாள்தான் கஷ்டம் என்பார்கள், மதியம் எழுதியவர்கள் மதியத்தாள்தான் உயிரை வாங்கியது என்பார்கள். இரண்டையும் சமப்படுத்த அரசாங்கம் வைத்திருக்கிற சூத்திரத்தை அண்ணன் மனப்பாடமாக ஒப்பிப்பார், கேட்கிறவர்கள் கொட்டாவி விட்டால் மறுபடி முதலிலிருந்து ஒப்பிப்பார்.

இத்தனை தெரிந்த மனிதருக்கு வேலை கிடைத்திருக்க வேண்டுமே என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அவர் மனைவியும் ஒன்பது வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த அம்மாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை நின்றுகொண்டே. வீட்டுக்கு வந்ததும் இரண்டு காலையும் வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, "இந்தத் தடவையாவது?" என்பார். அண்ணன் உடனே நோட்டைப் பிரிப்பார். அண்ணனுக்கு இதுதான் கடைசித் தடவை. வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் அவர் எந்தத் தேர்வுக் கூடத்துக்குள்ளும் கால் வைக்க முடியாது. கேட்டுக்கு வெளியே நின்று வேண்டுமானால் கணக்கெடுக்கலாம்.

தற்காலிக விடைக்குறிப்பு வெளியானது. அண்ணன் தன் தாளைத் திருத்தினார். எழுபத்து நாலு சரி, பதினாலு தப்பு. எழுபது புள்ளி ஐந்து. நோட்டில் தன்னைத் தேடினார். பத்தொன்பதாவது இடம். இருபத்து நாலு இடத்துக்குப் பத்தொன்பதாவது ஆள்! அன்றைக்கு அந்த அம்மாள் முதல்முறையாகக் காலைத் தண்ணீரில் வைக்க மறந்துபோனார்.

"நிஜமா?"

"நான் என்னைக்குக் கணக்குல தப்பு விட்டிருக்கேன்?"

"தப்பு விட்டதில்லைதான். ஆனா இத்தனை நாள் நீங்க வரமாட்டீங்கன்னு சொல்லித்தான் கணக்கு சரியா வந்துச்சு. வருவேன்னு சொல்றது இதுதானே முதல் தடவை?"

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு பேசாமல் இருந்திருக்கலாம். இறுதி விடைக்குறிப்பு வருகிற வரைக்கும் பதினைந்து நாள், வாயைக் கட்டிக்கொண்டு, வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் போதும். இந்த இனத்துக்கு அது முடியுமா?

மறுநாள் வாசிப்பறையில் தையற்கடைக்காரி அழுதுகொண்டிருந்தார். இவரும் அதே தேர்வை எழுதியவர், இவருக்கும் இதுதான் கடைசி வாய்ப்பு. சான்றிதழ்ப்படி அண்ணனைவிட நாலு மாதம் மூத்தவர் என்பதால், ஊரே அண்ணன் என்றாலும் இவர் மட்டும் தம்பி என்பார். எழுபத்து மூன்று சரி, பதினைந்து தப்பு. அறுபத்து ஒன்பதே கால். இருபத்து நாலுக்குள் வராது.

"அறுபத்தேழாவது கேள்வியில போச்சு தம்பி. நீரில் மிதப்பது எதுன்னு கேட்டான். இரும்பு, பனிக்கட்டி, மெழுகு, கண்ணாடி. நான் மெழுகு போட்டேன். தினம் நூலுக்கு மெழுகு தேய்க்கிறவ நான். துண்டு விழுந்தா தண்ணிக் கிண்ணத்துல மிதக்குது, கண்ணால பாக்குறேன். அவன் பனிக்கட்டிங்கறான்."

"பனிக்கட்டியும் மிதக்கும்க்கா. நான் அதான் போட்டேன்."

"மிதக்கட்டும். மெழுகும் மிதக்குதுல்ல?"

அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் ஓடியிருக்க வேண்டும், யாரும் ஓடவில்லை. அரை மணி நேரத்தில் டீக்கடை மேசையில் ஒரு கண்ணாடி டம்ளர், டம்ளரில் தண்ணீர், தண்ணீரில் ஒரு துண்டு மெழுகுவத்தி, சுற்றிலும் முப்பது பேர். துண்டு மிதந்தது. அண்ணன் விரலால் அமுக்கினார், மேலே வந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடி வந்தது. "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று குதித்தார். டீ ஆற்றுகிறவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டு ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

அப்புறம் நூலகத்துக்கு ஓட்டம். மூன்று அறிவியல் புத்தகம், பக்க எண், பத்தி எண். முத்துமுத்தான கையெழுத்தில் ஆட்சேபணைக் கடிதம். நோட்டைப் புரட்டி, மெழுகு என்று போட்டவர்கள் எவரெவர் என்று தேடி, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "கழிச்ச காலும் சேர்த்து உங்களுக்கு ஒண்ணேகால் வரவேண்டியிருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக்கூடக் கை கழுவ விடாமல் இடது கையால் போடச்சொல்லி, ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்து சேர்ந்தார்.

ஜெராக்ஸ்காரர் அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் ஊரில் உள்ள சான்றிதழ் அத்தனையும் அவர் கையால் நகலானவை, விவரமான ஆள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? இதுல உங்களுக்கு எவ்வளவு ஏறும்?"

"எனக்கு எதுக்கு ஏறணும்? நான்தான் பனிக்கட்டி போட்டிருக்கேனே. ஏற்கெனவே சரி."

"அப்ப ஏறப்போறது?"

"மெழுகு போட்டவங்க."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"எனக்குக் கீழதான்."

ஜெராக்ஸ்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, கீழ இருக்கறவங்க மேல வந்தா, மேல இருக்கறவர் எங்க போவாரு?"

அண்ணன் ஒரு நிமிஷம் திகைத்தார். இருபத்து நாலு, பத்தொன்பது, ஒன்பது என்று அந்த மண்டைக்குள் என்னென்னவோ ஓடியிருக்க வேண்டும். வாளித் தண்ணீரும் அதில் இரண்டு காலும்கூடக் கண்ணில் வந்து போயிருக்கலாம். ஆனால் டம்ளரில் மெழுகு மிதந்ததே! முப்பது பேர் பார்த்தார்களே!

"மிதக்குறதை மிதக்கலைன்னு சொல்லச் சொல்றியா? போடுய்யா பத்து காப்பி!"

போட்டார். போய்ச் சேர்ந்தது. பதினைந்தாம் நாள் இறுதி விடைக்குறிப்பு வந்தது. அறுபத்தேழாவது கேள்விக்கு எதிரே: பனிக்கட்டி அல்லது மெழுகு. அரசாங்கமே பணிந்துவிட்டது! அன்று அண்ணனுக்கு நடந்த மரியாதையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டீக்கடையில் அவருக்கென்று தனி நாற்காலி துடைத்துப் போட்டார்கள். தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் போன் வந்தது. "மெழுகு அண்ணன் நீங்கதானா?" என்று ஒரு கிழவர் கேட்டுவிட்டு, தன் பேத்திக்கு ஒண்ணேகால் ஏறியதாகச் சொல்லி அழுதார்.

அன்று வீட்டில் அண்ணன் நோட்டை மறுபடி எழுதினார். ஒன்பது பேருக்கும் ஒண்ணேகால் ஏற்றினார். ஐந்து பேர் அவரைத் தாண்டிப் போனார்கள். மூன்று பேர் ஏறியும் கீழேயே நின்றார்கள். தையற்கடைக்காரி சரியாக எழுபது புள்ளி ஐந்தில் வந்து, அவர் பக்கத்தில் தோளுரசி நின்றார். நோட்டின் அடியில் சிவப்பு மையால் எழுதினார்: கட்-ஆஃப் 70.5.

"எத்தனாவது?" என்றார் மனைவி.

"கட்-ஆஃப் எழுபது புள்ளி அஞ்சு."

"அதைக் கேக்கலை. நீங்க எத்தனாவது?"

"நம்ம மார்க்கும் எழுபது புள்ளி அஞ்சுதான்," என்று சொல்லிவிட்டு அண்ணன் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பட்டியல் வந்த அன்று ஜெராக்ஸ் கடைக் கணினி முன்னால் நிற்க இடமில்லை. கடைக்காரர் மெல்லக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபத்து நாலாவது: தையற்கடைக்காரி, 70.50. அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'காத்திருப்போர் பட்டியல்'. அதில் முதலாவது: ஹால் டிக்கெட்டில் மட்டுமே இருந்த அந்தப் பெயர். 70.50.

சம மதிப்பெண் வந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அது விதி. இந்த இடத்தில் ஒரு குடும்ப ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். அண்ணனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அவர் அப்பா, பிள்ளை பின்னாளில் உத்தியோகத்தில் ஒரு வருஷம் கூடுதலாக இருக்கட்டுமே என்று, வயதில் ஒரு வருஷத்தைக் குறைத்துப் பதிந்துவிட்டார். உண்மையில் தையற்கடைக்காரியைவிட அண்ணன் எட்டு மாதம் மூத்தவர். சொல்லலாமே என்கிறீர்களா? சொன்னால் வயது வரம்பு போன வருஷமே முடிந்திருக்கும். தேர்வையே எழுதியிருக்க முடியாது. அப்பா கொடுத்ததும் அந்த ஒரு வருஷம்தான், கெடுத்ததும் அந்த ஒரு வருஷம்தான்.

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் திரையைப் பார்த்தார். அந்த எண்ணைப் பார்த்தார். திடீரென்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார் பாருங்கள்!

"எழுபது புள்ளி அஞ்சு! சொன்னேனா இல்லையா? புள்ளி பிசகலை! எத்தனை கோச்சிங் சென்டர்காரன் என்னென்ன சொன்னான்! எவனுக்காவது வந்துச்சா?"

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. தோளில் தூக்கிவிட்டார்கள். தலை காற்றாடியில் இடிக்காமல் ஜெராக்ஸ்காரர் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். தையற்கடைக்காரி அழுகையும் சிரிப்புமாக, "தம்பி, இது உங்க இடம் தம்பி" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார்.

வாசலில் அண்ணனின் மனைவி. மருந்துக்கடையில் அரை மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். புருஷன் தோள்மேல் பவனி வருவதைப் பார்த்ததும், ஒன்பது வருஷத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்துவிட்டார். அதைப் பார்த்ததும்தான் அண்ணனுக்கு உறைத்தது. இறக்கிவிடச் சொன்னார். காகிதக் கட்டுமேல் உட்கார்ந்துகொண்டு, நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கணக்குப் போட்ட அந்த மனிதர், குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார்.

"வரலையா?"

"காத்திருப்போர் பட்டியல். முதல் ஆள்."

அந்த அம்மாள் திட்டுவார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அந்த இருபத்து நாலு பேர்ல, வேலைக்கு வரமாட்டாங்கன்னு தோணுற மாதிரி யாராவது இருக்காங்களா?"

அண்ணன் அழுகையை நிறுத்தினார். பேனாவை எடுத்தார்.

இதைப் படிக்கிற நீங்கள் இந்த இனம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஒரு விஷயம். அந்த அம்மாளின் காலை நினைத்து, ஒரே ஒரு இடம் காலியாகக் கூடாதா என்று சற்று முன் உங்கள் மனசு தவித்ததே, அப்போது யாரைக் கழித்தீர்கள்? மருத்துவப் பரிசோதனையில் தோற்கப்போகிற யாரோ ஒருவரையா, சான்றிதழைத் தொலைத்துவிட்டு நிற்கப்போகிற யாரோ ஒரு பெண்ணையா? அவருக்கும் வீட்டில் ஒருவர் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு காத்திருப்பார், ஐயா.